பாட்டு மருந்தாகுமா?

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

"ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும்" என்பது நம் ஊர்ப் பழமொழி. பாட்டுக்குப் பசுவும் மடி சுரக்கும் என்று நம் முன்னோர் கண்டிருந்தனர். பாட்டுக்குக் குழந்தை உறங்குகிறது, களைத்தவர் களைப்பு மறக்கிறார், துயருற்றவர் தேறுகிறார். அப்படியானால் பாட்டு நோயையும் தீர்க்குமா? இக்கேள்வி இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழரும் சீனரும் யூதரும் கிரேக்கரும் இதைப் பற்றிச் சிந்தித்துள்ளனர். அவர்கள் நம்பியது என்ன, அதில் எவ்வளவு உண்மை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நிலமும் பொழுதும் பண்ணும்

நம் முன்னோர் இசையைத் தனியே பிரித்து வைக்கவில்லை. நிலத்தோடும் பொழுதோடும் சேர்த்தே வைத்தனர். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைக் கூறும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்துக் கூறுகிறது. ஒரு நிலத்தில் எந்த மரம் வளரும், எந்தப் பறவை கூவும் என்பதைப் போலவே, அங்கே எந்த இசை எழும் என்பதும் இயற்கையின் ஒரு பகுதியாகக் கருதப்பட்டது.

இதை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் திருவள்ளூர் மாவட்டத்தைப் பார்த்தாலே போதும். திருத்தணி மலை குறிஞ்சி, அதற்குரிய பொழுது நள்ளிரவாகிய யாமம், பறை தொண்டகப்பறை. புதர்க்காடும் மேய்ச்சல் நிலமும் முல்லை, பொழுது மாலை, பறை ஏறுகோட்பறை. கொசத்தலை ஆறும் ஆரணி ஆறும் பாயும் வயல்கள் மருதம், பொழுது வைகறை, ஒலிப்பது நெல்லரிகிணை. பழவேற்காட்டு ஏரியும் கடலும் நெய்தல், பொழுது சாயும் நேரம் அதற்குரியது, பறை மீன்கோட்பறை. மழை பொய்த்து நிலம் காய்ந்தால் அதுவே பாலை, பொழுது நண்பகல். ஒவ்வொரு நிலத்துக்கும் தனித்தனி யாழும் உண்டு.

காலையில் மருதப்பண், மாலையில் செவ்வழிப்பண் என்பது பாணர் வழக்கம். இந்த வழக்கம் எவ்வளவு உறுதியானது என்பதற்குப் புறநானூற்றின் 149ஆம் பாடல் சான்று. கண்டீரக் கோப்பெருநள்ளி என்னும் வள்ளலைப் புலவர் வன்பரணர் ஒரு புதுமையான முறையில் புகழ்கிறார். நள்ளியிடம் உண்டு மகிழ்ந்த பாணர்கள் மாலையில் மருதத்தையும் காலையில் செவ்வழியையும் மாற்றி இசைத்துவிட்டார்களாம். வயிறு நிறைந்த மகிழ்ச்சியில் பொழுதையே மறந்துவிட்டார்களாம்! பண்ணுக்குரிய பொழுது கேட்போர் அனைவருக்கும் தெரிந்திருந்தால்தானே இந்தப் புகழ்ச்சி விளங்கும்?

இசை உயிர்களை மாற்றும் என்றும் சங்கப் புலவர் நம்பினர். அகநானூற்றின் 102ஆம் பாடலில், தினைப்புனம் காக்கும் மலைநாட்டுப் பெண் குறிஞ்சிப் பண் பாடுகிறாள். தினை தின்ன வந்த யானை கதிரையும் தின்னவில்லை, இடம் விட்டுப் போகவுமில்லை, நின்றபடியே உறங்கிவிடுகிறது. பொருநராற்றுப்படையிலோ, பாலை யாழின் இசை கேட்டு வழிப்பறிக் கள்வர் கைப்படையை நழுவவிட்டு மனம் மாறுகின்றனர். இந்த வழக்கம் பிற்காலத்திலும் அழியவில்லை. தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று ஓதுவார்கள் பிரித்துப் பாடினர். இன்றும் பூபாளம் என்றால் விடியலும், நீலாம்பரி என்றால் தொட்டிலும் நம் நினைவுக்கு வருகின்றன அல்லவா?

சீனர் கண்ட ஐந்து சுரங்கள்

இதே எண்ணம் சீன நாட்டில் ஒரு மருத்துவ முறையாகவே வளர்ந்தது. பழைய சீன இசைக்கு ஐந்து சுரங்கள்: கோங், ஷாங், ஜுவே, ஜி, யூ. உலகம் மண், உலோகம், மரம், நெருப்பு, நீர் என்னும் ஐந்து பொருள்களால் இயங்குகிறது என்பது அவர்கள் கொள்கை. ஒவ்வொரு சுரத்தையும் ஒரு பொருளோடும், ஒரு பருவத்தோடும், உடலின் ஓர் உறுப்போடும் அவர்கள் இணைத்தனர். ஜுவே என்னும் சுரம் மரத்துக்கும் இளவேனிலுக்கும் கல்லீரலுக்கும் உரியது. ஜி நெருப்புக்கும் கோடைக்கும் இதயத்துக்கும் உரியது. கோங் மண்ணுக்கும் மண்ணீரலுக்கும், ஷாங் உலோகத்துக்கும் நுரையீரலுக்கும், யூ நீருக்கும் சிறுநீரகத்துக்கும் உரியவை. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய 'மஞ்சள் பேரரசரின் மருத்துவ நூல்' இதை விளக்குகிறது.

சீன எழுத்தில் 'மருந்து' என்பதைக் குறிக்கும் பழைய வடிவத்தின் மேற்பகுதி புல்லைக் குறிக்கும். கீழ்ப்பகுதி இசையைக் குறிக்கும் எழுத்து. ஒலிப்புக்காகவே அப்பகுதி அங்கே வந்தது என்று மொழிநூலார் கூறுவர். ஆயினும் மூலிகையும் இசையும் சேர்ந்ததே மருந்து என்று சொல்லி மகிழ்வோர் பலர்.

நமக்கு ஐந்து நிலம். அவர்களுக்கு ஐந்து பொருள். நாம் பண்ணைப் பொழுதோடு சேர்த்தோம். அவர்கள் சுரத்தைப் பருவத்தோடு சேர்த்தனர். இயற்கையின் ஒழுங்கோடு ஒத்து வாழ்வதே நலம், அதற்கு மாறாக வாழ்வதே நோய் என்பதுதான் இரு நாட்டாரின் நம்பிக்கைக்கும் அடிப்படை.

புண்பட்ட வீரனின் இல்லம்

தமிழர் இசையை நோயாளியின் அருகிலேயே கொண்டு சென்றனர். அதற்குரிய மிகச் சிறந்த சான்று புறநானூற்றின் 281ஆம் பாடல். பாடியவர் அரிசில் கிழார்.

போரில் பெரும் புண்பட்ட வீரன் வீட்டில் கிடக்கிறான். அவன் மனைவி தன் தோழியை அழைக்கிறாள். வீட்டு இறைப்பில் இரவ மர இலையையும் வேப்பிலையையும் செருகுவோம்; யாழும் பல இசைக் கருவிகளும் ஒலிக்கட்டும்; புண்ணுக்கு மெல்ல மை பூசுவோம்; வெண்கடுகைத் தூவுவோம்; ஆம்பற்குழல் ஊதுவோம்; மணியை அடித்து ஒலிப்போம்; காஞ்சிப் பண் பாடுவோம்; வீடெங்கும் நறும்புகை எழுப்புவோம்; மன்னனுக்கு வந்த துன்பத்தைத் தன் மேல் தாங்கிய இவன் புண்ணைக் காப்போம், வா என்கிறாள்.

296ஆம் பாடலில் ஒரு தெருவே இவ்வாறு இருக்கிறது. ஒரு வீட்டில் வேப்பங்கிளை ஒடிக்கிறார்கள். ஒரு வீட்டில் காஞ்சி பாடுகிறார்கள். நெய் தோய்ந்த கையோடு வெண்கடுகைப் புகைக்கிறார்கள். எல்லா வீட்டிலும் இதே ஆரவாரம். மலைபடுகடாம் என்னும் நூலிலும், புலி பாய்ந்து மார்பில் புண்பட்ட கணவர்க்குக் காவலாக மலைநாட்டுப் பெண்கள் பாடுகிறார்கள்.

பேய் அண்டாதிருக்கவே இவ்வாறு செய்தனர் என்று உரையாசிரியர் கூறுவர். அது அக்கால நம்பிக்கை. ஆனால், தோழியரே, அந்த வீட்டை மீண்டும் ஒரு முறை மனக்கண்ணால் பாருங்கள். அங்கே மருந்து இருக்கிறது, வேப்பிலை இருக்கிறது, புகை இருக்கிறது, இரவு முழுவதும் விழித்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மருந்தைத் தள்ளிவிட்டு அவர்கள் பாடவில்லை; மருந்து பூசிக்கொண்டே பாடினார்கள். இருட்டில் வலியோடு கிடப்பவன் காதில், 'நீ தனியாக இல்லை' என்று அந்தப் பாட்டு சொல்லிக்கொண்டே இருந்தது. இன்று நாம் செவிலியர் பணி என்று எதைச் சொல்கிறோமோ அதுதான் இது.

நம் மண்ணின் இசைச் செல்வம்

இசை மரபில் நம் மாவட்டம் எளியதன்று. காரைக்கால் அம்மையார் வாழ்ந்து பாடிய திருவாலங்காடு இங்கேதான் உள்ளது. அவர் பாடிய மூத்த திருப்பதிகத்தில் துத்தம், கைக்கிளை, விளரி, தாரம், உழை, இளி முதலிய சுரங்களின் பெயர்களும் பல இசைக் கருவிகளின் பெயர்களும் வருகின்றன. ஒரு பெண்மணி இசை நுட்பத்தை அவ்வளவு தெளிவாக அறிந்திருந்தது நமக்குப் பெருமை தருவதாகும்.

சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) தம் முதல் கீர்த்தனையைத் திருத்தணியில் பாடினார் என்பது வரலாறு. அவர் சீடர் தம்பியப்பன் என்பவர் வயிற்று வலியால் வருந்தியபோது, குருவாகிய வியாழனைக் குறித்து அடாணா இராகத்தில் ஒரு கீர்த்தனை இயற்றிக் கொடுத்தார் என்றும், அதைப் பாடி அவர் நலம் பெற்றார் என்றும் கூறுவர். எட்டையபுரம் செல்லும் வழியில் வறண்ட நிலத்தைக் கண்டு அமிர்தவர்ஷிணி இராகத்தில் பாட, மழை பொழிந்தது என்பதும் செவிவழிச் செய்தி. இவற்றை நாம் அளந்து பார்க்க இயலாது. ஆனால் பாட்டு, மழை, உடல்நலம் மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்று மக்கள் நம்பியது இவற்றால் விளங்குகிறது.

இசை அறிந்த இரு மருத்துவர்

இசையையும் மருத்துவத்தையும் இரு கண்களாகக் கொண்ட இருவரை இங்கே நினைவுகூர வேண்டும்.

முதலாமவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859-1919). கிறிஸ்தவரான இவர் சித்த மருத்துவத்தில் தேர்ந்தவர்; தஞ்சையில் பெரிய மூலிகைத் தோட்டம் அமைத்து மருந்துகள் செய்து விற்றார். அவ்வாறு ஈட்டிய பொருளைத் தமிழிசை ஆராய்ச்சிக்குச் செலவிட்டார். 1912ஆம் ஆண்டில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, பல ஊர் இசைவாணரைத் தம் செலவில் வரவழைத்து மாநாடுகள் நடத்தினார். 1917ஆம் ஆண்டில் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். பன்னிரண்டு இராசிகளை வட்டமாக அமைத்து, அவற்றில் சுரங்களை நிறுத்திய பழந்தமிழரின் வட்டப்பாலை முறையை அந்நூல் ஆராய்கிறது. மூலிகையை அரைத்த கையே வீணையின் சுரங்களையும் அளந்தது என்பது வியப்பன்றோ?

இரண்டாமவர் ஜெர்மனி நாட்டுத் துறவி புனித ஹில்டகார்டு (1098-1179). பெனடிக்ட் சபைக் கன்னியர் மடத்தின் தலைவியான இவர் மூலிகைகளைப் பற்றியும் நோய்களைப் பற்றியும் நூல்கள் எழுதினார். தம் மடத்துச் சகோதரிகள் பாடுவதற்காகப் பல பாடல்களுக்கு இசையமைத்தார். மரம் செடிகளில் ஓடும் பசுமையான உயிராற்றலே மனிதருக்கும் நலம் தருகிறது என்று போதித்தார். 2012ஆம் ஆண்டில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் இவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

மறைநூல் கூறும் பாடம்

தாவீது யாழ் மீட்டிய நிகழ்ச்சியை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். மன்னர் சவுல் மனக்கலக்கத்தால் வருந்தும்போதெல்லாம் இளைஞர் தாவீது யாழெடுத்து மீட்டுவார்; சவுல் ஆறுதல் அடைவார் என்று சாமுவேல் முதல் நூலின் 16ஆம் அதிகாரம் கூறுகிறது. அதோடு நிறுத்திவிட்டால் நாம் பாதிப் பாடத்தையே படித்தவர்கள் ஆவோம். 18ஆம் அதிகாரத்தில், தாவீது யாழ் மீட்டிக்கொண்டிருக்கும்போதே சவுல் அவர்மேல் ஈட்டியை எறிகிறார்! யாழ் ஆறுதல் தந்தது. ஆனால் சவுலின் பொறாமை நோயை வேரோடு பிடுங்கவில்லை. மறைநூல் இசையின் ஆற்றலையும் சொல்கிறது. அதன் எல்லையையும் சொல்கிறது.

இன்றைய மருத்துவ அறிவு

இக்காலத்தில் இசை மருத்துவம் ஒரு தனிக் கல்வியாக வளர்ந்துள்ளது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1944ஆம் ஆண்டிலேயே இதற்குப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. நம் நாட்டில் வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன் (1935-2008) இராகங்களின் நலம் தரும் ஆற்றலை ஆராய்வதில் ஆர்வம் காட்டினார்.

ஆய்வுகள் சிலவற்றை உறுதியாகக் காட்டியுள்ளன. அறுவைச் சிகிச்சைக்கு முன் நோயாளிகளுக்கு ஏற்படும் அச்சத்தைப் பற்றி நடந்த 26 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 2013ஆம் ஆண்டில் காக்ரேன் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் பங்கேற்றவர் 2,051 பேர். இசை கேட்டவர்களுக்கு அச்சம் குறைந்தது எனத் தெரியவந்தது. பக்கவாதத்தால் பேச்சிழந்தவர் சிலருக்குப் பேச வராவிட்டாலும் பாட வரும். அவர்களைப் பாட்டின் வழியே மீண்டும் பேசப் பழக்கும் முறையைப் பாஸ்டன் நகர மருத்துவர்கள் 1973ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதே 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளில், குறைமாதத்தில் பிறந்த 272 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. இசையும் தாலாட்டும் கேட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பு சீரானது; பாலருந்துவதும் உறக்கமும் மேம்பட்டன. பெற்றோர் தாமே விரும்பித் தேர்ந்த பாடல் சிறப்பாகப் பயன் தந்தது. நம் பாட்டிமார் தொட்டிலருகே செய்தது வீண் வேலையன்று!

இதன் காரணமும் எளிதே. மெதுவான தாளத்தைக் கேட்கும்போது நம் மூச்சும் மெதுவாகிறது. பாடும்போது நீளமாக மூச்சை விடுகிறோம். மூச்சு நிதானப்பட்டால் இதயமும் நிதானப்படும், மனமும் அமைதியுறும். வலியின்மேல் இருக்கும் கவனம் பாட்டின்மேல் திரும்பும்.

ஆனால் இந்த இராகம் கேட்டால் இந்த நோய் தீரும் என்று பட்டியல் போட்டுச் சொல்வதற்கு இன்றுவரை தக்க சான்று இல்லை. சீனரின் ஐந்து சுரமும் ஐந்து உறுப்பும் அழகிய தத்துவம். ஆனால் ஒரு சுரம் சிறுநீரகத்தைக் குணப்படுத்தியதாக யாரும் நிறுவவில்லை.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் இரத்த அழுத்த நோயுள்ள ஒரு பாட்டி இருக்கிறார். ஓர் இராகத்தை நாள்தோறும் கேட்டால் போதும், மாத்திரை வேண்டாம் என்று யாரோ கைப்பேசியில் பேசியதை நம்பி, மாத்திரையை நிறுத்திவிட்டார். சில நாள்களில் தண்ணீர்க் குழாயடியில் மயங்கி விழுந்தார். அக்கம்பக்கத்தார் ஆட்டோவில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். இறைவன் அருளால் பிழைத்தார். இன்று அவர் காலையில் மாத்திரையும் போடுகிறார். மாலையில் பாட்டும் கேட்கிறார். இதுவே சரியான வழி. நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்து, பிறகே தீர்க்கும் வழியைத் தேட வேண்டும் என்று திருவள்ளுவர் கூறிய முறையும் இதுவே.

இரைச்சல் என்னும் நோய்

இசை நலம் தரும் என்றால், இசைக்கு எதிரானது என்ன? மௌனம் அன்று; இரைச்சல்.

தீட்சிதர் இளமையில் வாழ்ந்த ஊர் மணலி. அவர் தந்தையார் இராமசுவாமி தீட்சிதரை அங்கே முத்துகிருஷ்ண முதலியார் ஆதரித்தார். வீணை ஒலித்த அந்த மணலி இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் ஊர். அங்கிருந்து வடக்கே வந்தால் நம் கும்மிடிப்பூண்டி சிப்காட். நம்மில் பலருடைய தந்தையரும் அண்ணன்மாரும், அன்னையர் சிலரும் அங்குள்ள ஆலைகளில் 'ஷிப்ட்' முறையில் உழைத்துத்தான் நம்மைப் படிக்க வைக்கிறார்கள். ஆலைகளைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆலை உண்டு என்பதால் அடுப்பு எரிகிறது. ஆயினும் ஓசைக்கும் ஓர் அளவு வேண்டும்.

நம் உட்செவியில் நத்தை ஓடு போன்ற உறுப்பு ஒன்று உண்டு. அதனுள் நுண்ணிய மயிரணுக்கள் உள்ளன. ஒலியை மூளைக்கு அனுப்புபவை அவையே. நாள்தோறும் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையில் இருந்தால் அவை நாளடைவில் அழியும். அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. அதனால்தான் இரைச்சல் மிகுந்த இடத்தில் காதடைப்பான் அணிய வேண்டும் என்கிறார்கள். ஓயாத ஓசை உறக்கத்தைக் கெடுக்கும். இரத்த அழுத்தத்தையும் கூட்டும்.

நம் நாட்டின் ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டில் வந்தன. அவற்றின்படி தொழிற்பகுதியில் பகலில் 75 டெசிபலும் இரவில் 70 டெசிபலும் எல்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45. பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத தூரத்தை அமைதிப் பகுதியாக அரசு அறிவிக்கலாம். அங்கே பகலில் 50, இரவில் 40. நம் பள்ளி வாயிலில் லாரி ஒன்று ஒலிப்பான் அடித்துச் செல்லும்போது இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்! திருவிழாவிலும் திருமணத்திலும் ஒலிபெருக்கி வைப்போரும் நினைத்துக்கொள்ள வேண்டும். காதுக்குள் ஒலிக்கருவியைச் செருகி உரக்கப் பாட்டுக் கேட்கும் நாமும் விலக்கல்ல. இவ்வாறு கேட்பதால் உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்ட இளைஞரின் செவிப்புலன் ஆபத்தில் உள்ளது என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. பாட்டே இரைச்சலாகிவிட்டால் அது எப்படி மருந்தாகும்?

நாம் செய்யத்தக்கவை

நம் முன்னோர் பண்ணுக்குப் பொழுது வகுத்ததன் பயன் இப்போது விளங்குகிறது. எந்த நேரத்தில் எந்த ஒலி வேண்டும், எந்த ஒலி வேண்டாம் என்று அறிந்து வாழ்வதே அது. இரவு வேலை முடித்து வந்து தந்தையார் பகலில் உறங்கும் வீடுகள் நம் பகுதியில் பல. அந்த நேரத்தில் தொலைக்காட்சியைத் தணித்து வைப்பது நாம் அவருக்குக் கொடுக்கும் மருந்து. தம்பி தங்கையர்க்குத் தாலாட்டுப் பாடக் கற்றுக்கொள்ளுங்கள். அப்பாடல்களைப் பாட்டிமாரிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விடுமுறையில் பழவேற்காட்டுக்குச் சென்றால் சற்று நேரம் பேசாமல் நின்று, அலையையும் பறவைகளையும் கேளுங்கள். நோயுற்ற முதியோரைப் பார்க்கச் செல்லும்போது பழங்களோடு ஒரு பாட்டையும் கொண்டு செல்லுங்கள். ஆனால் அவர் மருந்து உண்டாரா என்று முதலில் கேளுங்கள்.

முடிவுரை

பாட்டு மருந்தாகுமா என்று கேட்டோம். பாட்டு மருந்தன்று, மருந்து கொடுக்கும் கையின் அன்பு அது. மருந்து உடலைத் தேற்றும். பாட்டு உள்ளத்தைத் தேற்றி, மருந்து வேலை செய்யும் வரை பொறுத்திருக்கும் வலிமையைத் தரும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் புண்ணுக்கு மருந்தும் பூசி, காஞ்சியும் பாடிய அந்தப் பெயரறியாத் தமிழ்ப் பெண் இவ்விரண்டையும் ஒருசேர அறிந்திருந்தாள். நம் பள்ளியில் பயிலும் தோழியருள் பலர் நாளை செவிலியராகவும் மருத்துவராகவும் ஆவீர்கள். அன்று உங்கள் கையில் மருந்தும், உங்கள் நாவில் இனிய சொல்லும் பாட்டும் இருக்க இறைவன் அருள்வாராக!